ஜவளகிரி முதல் பென்னாகரம் வரை... தோளில் ரைஃபிளுடன் காட்டில் நடந்த கென்னத் ஆண்டர்சன்! இன்று அப்படிப் போனால் என்ன ஆகும்?

கிருஷ்ணகிரியைத் தாண்டி தெற்கே 10 கிலோமீட்டர் சொச்சம் போனால் காவேரிப்பட்டினம். தென்பெண்ணை ஆறு, மா மண்டிகள், சீசன் நேரத்தில் மாங்கூழ் ஆலைகளுக்கு வரிசை கட்டி நிற்கும் லாரிகள். இந்த ஊருக்கும் காட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றலாம். உள்ளூர்க்காரர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். ஓசூர் பக்கமிருந்து வழி தவறி வரும் யானைகள் இந்தச் சுற்றுவட்டாரம் வரை வந்து போனதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். ராகி விளையும் காலத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஆண்டுதோறும் யானைக் கூட்டம் தளி, ஜவளகிரி வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வருவதும், தேன்கனிக்கோட்டை, சானமாவு பக்கம் முகாம் போடுவதும் இங்கே வழக்கமான செய்தி.

இப்படிப்பட்ட செய்தி வரும்போதெல்லாம் டீக்கடையில் ஒரு கேள்வி எழும். காட்டு ஓரத்தில் இருக்கிறவனும், காட்டுக்குள் நடந்து போகிறவனும் பாதுகாப்புக்கு ஒரு துப்பாக்கி வைத்துக்கொண்டால் என்ன? அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் அப்படித்தானே போனார்கள்?

போனார்கள். அதிலும் இந்த வட்டாரத்துக் காடுகளிலேயே வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்த ஒருவர் இருக்கிறார். உத்தரகண்டுக்கு ஜிம் கார்பெட் எப்படியோ, ஓசூர், அஞ்செட்டி, பென்னாகரம் காடுகளுக்கு அவர் அப்படி. பெயர் கென்னத் ஆண்டர்சன். கர்நாடகாவில் அவரைத் தெரியாத வாசகர் குறைவு. பூர்ணசந்திர தேஜஸ்வி அவர் கதைகளைக் கன்னடத்துக்குக் கொண்டுபோனதால் அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர் பழக்கம். ஆனால் கதைகள் நடந்த இடங்களில் பாதி நம் பக்கம் இருக்கின்றன. நம் பக்கத்தில் அவரைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். இது நியாயமில்லை.

யார் இந்த ஆண்டர்சன்?

1910 மார்ச் 8-ம் தேதி ஹைதராபாத் அருகே உள்ள பொலாரத்தில் பிறந்தார். பல தலைமுறைகளாக இந்தியாவிலேயே தங்கிவிட்ட ஸ்காட்லாந்து வம்சாவளிக் குடும்பம். அப்பா ராணுவத்தின் சம்பளக் கணக்குப் பிரிவில் அதிகாரி. அவரிடமிருந்துதான் துப்பாக்கிப் பழக்கமும் காட்டு ஆசையும் மகனுக்கு வந்தன. படிப்பு பெங்களூருவில், பிஷப் காட்டன் பள்ளியிலும் செயின்ட் ஜோசப் கல்லூரியிலும். சட்டம் படிக்க எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். மனசு ஒட்டவில்லை. பாதியிலேயே திரும்பிவிட்டார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஆண்டர்சன் முழுநேர வேட்டைக்காரர் இல்லை, மகாராஜாக்களுடன் விருந்து வேட்டை போகிற துரையும் இல்லை. தபால் தந்தித் துறையில் சுமார் 15 ஆண்டுகள் வேலை. பிறகு பெங்களூருவில் விமானத் தொழிற்சாலையில் வேலை. லீவு போட்டுவிட்டு, காரில் சாமான்களை அள்ளிப் போட்டுக்கொண்டு காட்டுக்கு வரும் மாதச் சம்பளக்காரர். இன்றைக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெங்களூருவிலிருந்து முதுகுப்பையுடன் ஓசூர் சாலையில் இறங்கும் ஐ.டி. இளைஞர்களுக்கு முன்னோடி என்றுகூட சொல்லலாம். ஒரே வித்தியாசம், அவர் கையில் .405 வின்செஸ்டர் ரைஃபிள் இருந்தது.

கன்னடமும் தமிழும் பேசுவார். அதனால் ஊர்க்காரர்களிடம் நேராகவே கேட்டுத் தெரிந்துகொள்வார். பென்னாகரம் பக்கத்து ரங்கா, சின்னாறு காட்டில் வாழ்ந்த பைரா என்று சிலர் அவர் புத்தகங்களில் திரும்பத் திரும்ப வருவார்கள். கால்தடம் பார்க்கவும், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து உட்காரவும், லங்கூர் குரங்கும் கடமானும் எதற்குக் கத்துகின்றன என்று பிரித்தறியவும் அவர் கற்றது இவர்களிடம்தான்.

சும்மா தூக்கிக்கொண்டு போய்விட முடியுமா?

அந்தக் காலத்திலும் முடியாது. பலர் நினைப்பதுபோல் அது சட்டமே இல்லாத காலம் கிடையாது.

1878-ம் ஆண்டிலேயே ஆயுதச் சட்டம் வந்துவிட்டது. லிட்டன் வைஸ்ராயாக இருந்தபோது வந்த சட்டம் அது. துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். ஆனால் அந்த நிபந்தனை இந்தியர்களுக்குத்தான். ஐரோப்பியர்களுக்கு விலக்கு இருந்தது. காங்கிரஸ் தலைவர்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்த விஷயங்களில் இதுவும் ஒன்று. இந்த நிறப் பாகுபாடு பின்னாளில் விதிகளிலிருந்து நீக்கப்பட்டது. ஆனாலும் லைசென்ஸ் என்பது கலெக்டர் ஆபீஸ் படியேறத் தெரிந்தவர்களுக்கும், வசதி உள்ளவர்களுக்கும் கிடைக்கிற பொருளாகவே இருந்தது.

அடுத்தது காடு. 1882-ல் வந்த மதராஸ் வனச் சட்டப்படி காப்புக்காட்டுக்குள் வேட்டையாட வனத்துறையின் அனுமதி தேவை. எந்தக் காடு, எந்தக் காலம், எந்த விலங்கு என்றெல்லாம் கட்டுப்பாடு உண்டு. யானைக்கு இன்னும் முன்னாலேயே தனிச் சட்டம். 1873-லேயே மதராஸ் மாகாணத்தில் காட்டு யானைகளைக் காக்கச் சட்டம் போட்டுவிட்டார்கள். மதம் பிடித்தோ வேறு காரணத்தாலோ ஆட்களைக் கொல்லும் யானை என்று அரசு அறிவித்த பிறகே அதைச் சுடலாம். அந்த அறிவிப்பில் யானையின் உயரம், தந்தம், காலடி அளவு எல்லாம் இருக்கும். வேறு யானையைச் சுட்டுவிட்டு அதுதான் இது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஆண்டர்சனும் இந்த வழியாகத்தான் போனார். வன அதிகாரியிடமிருந்து தகவலோ கடிதமோ வரும், அதன் பிறகு கிளம்புவார்.

அப்போது கிருஷ்ணகிரி, ஓசூர், தர்மபுரி எல்லாமே சேலம் மாவட்டம். தர்மபுரி மாவட்டம் பிரிந்தது 1965-ல்தான். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல். அதனால் ஆண்டர்சன் புத்தகத்தில் வட சேலம் காடு என்று வந்தால் குழம்ப வேண்டாம், அது நம்ம ஊர் காடுதான்.

ஜவளகிரி பெண்புலி: தப்பிய குண்டின் கதை

1954-ல் அவருடைய முதல் வேட்டைப் புத்தகம் வெளிவந்தது. ஒன்பது ஆட்கொல்லிகளும் ஒரு மதயானையும் பற்றிய கதைகள். அதில் ஜவளகிரி கதை ஒன்று உண்டு. துப்பாக்கி பாதுகாப்பா, ஆபத்தா என்று கேட்பவர்கள் இந்த ஒரு கதையை மட்டும் படித்தால் போதும்.

அவர் சொல்வதன் சுருக்கம் இது. இணை சேரும் காலத்தில் ஜவளகிரி வன விடுதி அருகே ஓர் ஆண்புலியைச் சுட்டுக் கொன்றார்கள். அதன் ஜோடி விடாமல் கத்திக்கொண்டே சுற்றியது. அதையும் சுடப் போன ஒருவரின் குண்டு அதைக் காயப்படுத்தியதே தவிர, கொல்லவில்லை. காயத்தோடு போன அந்தப் பெண்புலிதான் பிறகு ஆட்களை அடிக்க ஆரம்பித்தது. ஆடு மாடு மேய்ப்பவர்கள், ஊருக்கு ஊர் நடந்து போகிறவர்கள் பலியானார்கள். காட்டுப் பாதைகளில் ஆள் நடமாட்டமே நின்றுபோனது.

கடைசியில் ஆண்டர்சன் ஒரு தந்திரம் செய்தார். ஆண்புலி போலக் குரல் கொடுத்தார். ஜோடியைத் தேடிக்கொண்டிருந்த புலி, குரல் வந்த திசைக்கு நேராக வந்தது. இருட்டும் நேரத்தில் மிகக் கிட்டத்தில் சுட்டார். வெற்றிக் கதையாக எழுத எல்லா வசதியும் இருந்தும் அவர் அப்படி எழுதவில்லை. ஏமாற்றிக் கொன்றோமே என்ற உறுத்தல் அந்தக் கதையில் தெரிகிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். அந்தப் புலியை ஆட்கொல்லியாக்கியது காடு அல்ல, குறி தப்பிய ஒரு குண்டு. அந்தக் குண்டுக்கு விலை கொடுத்தது காட்டில் ஆடு மேய்த்த ஏழைகள். ஆண்டர்சன் எழுதிய மற்ற பல ஆட்கொல்லிகளின் கதையும் இப்படித்தான் தொடங்குகிறது. எங்கேயோ யாரோ சுட்ட குண்டு காலில் இருக்கும், அல்லது முள்ளம்பன்றி முள் பாதத்தில் ஏறியிருக்கும். ஓடி இரை பிடிக்க முடியாத விலங்கு மனிதனைத் தேடி வருகிறது. புலியிடமிருந்து காக்கும் என்று எடுத்துப்போன துப்பாக்கி, அடுத்த பத்து கிராமத்துக்கு ஆட்கொல்லியை உருவாக்கிவிட்டுத் திரும்புகிறது.

தளி பக்கத்துக் கும்ளாபுரம் சிறுத்தை, தேன்கனிக்கோட்டை அருகே சிவனப்பள்ளியின் கருஞ்சிறுத்தை, கெம்பகரைப் புலி, பென்னாகரம் பக்கத்து முண்டச்சிபள்ளம் புலி என்று அவர் பட்டியல் நீளம். கும்ளாபுரம் சிறுத்தை மட்டும் 40 பேருக்கு மேல் கொன்றதாக எழுதியிருக்கிறார். 1939 முதல் 1966 வரை அரசுப் பதிவுகளில் அவர் சுட்டதாக உள்ளவை 8 ஆட்கொல்லிச் சிறுத்தைகள், 7 ஆட்கொல்லிப் புலிகள். உண்மையான கணக்கு இதைவிட அதிகம் என்று ஒரு பேச்சும் உண்டு. வேட்டைக் கதை என்றாலே கொஞ்சம் மசாலா சேரும். அவர் எழுதியதை வரிக்கு வரி சாட்சியாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் ஊர்ப் பெயர், ஓடைப் பெயர், பாதை எல்லாம் சரியாக இருக்கும்.

ரங்காவுக்கும் பைராவுக்கும் லைசென்ஸ் யார் கொடுத்தது?

இதுதான் ஆண்டர்சன் வாழ்க்கையில் நெருடும் பகுதி. ரங்காவும் பைராவும் அவருடைய வழிகாட்டிகள் மட்டும் அல்ல. கள்ள வேட்டையும் ஆடுவார்கள், அதை அவரே மறைக்காமல் எழுதுகிறார். அவர்கள் கையில் இருந்தது மருந்து கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கி. பெங்களூருவிலிருந்து காரில் வருபவர் லைசென்ஸ் ரைஃபிளுடன் அதே ஓடைக்கரையில் நடந்தால் அவர் வேட்டைக்காரர். ஓடைக்கரையிலேயே பிறந்து வளர்ந்தவன் நாட்டுத் துப்பாக்கியோடு நடந்தால் அவன் குற்றவாளி. சட்டப்படி அது சரிதான். ஆனால் புலி அடித்த பட்டியலில் இருந்தவர்கள் எல்லாம் இரண்டாவது வகை ஆட்கள். ஆண்டர்சன் இவர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை, நண்பர்களாகவே வைத்துக்கொண்டார். அது அவருடைய பெருந்தன்மை. ஆனால் அவர்களுக்கு லைசென்ஸ் கிடைக்காத காரணத்தை அவர் பெரிதாகக் கேள்வி கேட்டதாகத் தெரியவில்லை.

நாட்டுத் துப்பாக்கிப் பிரச்னை இன்னும் முடிந்துவிடவில்லை. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கத்து மலைக் கிராமங்களில் லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிகளைத் தாமாக ஒப்படைக்கச் சொல்லி போலீஸ் அறிவிப்பு வருவதும், ஊர்ப் பெரியவர்கள் கொண்டுவந்து கொடுப்பதும் இன்றும் நடக்கிறது. இடையில் வீரப்பன் காலம் வேறு வந்து போனது. 2004 அக்டோபரில் தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே அவர் சுட்டுக் கொல்லப்படும் வரை, இதே காடுகளில் துப்பாக்கி என்றாலே வேறு அர்த்தம்.

ரைஃபிளை இறக்கி வைத்த பிறகு

பிந்தைய ஆண்டுகளில் ஆண்டர்சன் துப்பாக்கியை விட்டு கேமரா பக்கம் போனார். தான் இளைஞனாக இருந்தபோது விலங்குகள் நிறைந்திருந்த காடுகள் கண்ணெதிரே வெறுமையாகிப் போனதைப் பற்றி நிறைய எழுதினார். சாலையில் ஜீப்பை நிறுத்தி, ஸ்பாட் லைட் அடித்து, கண் கூசி நிற்கும் மானைச் சுடும் கூட்டத்தை அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. அவர்கள் பலரிடமும் லைசென்ஸ் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் அவர் எழுத்து முழுக்க வரும். காட்டில் ராத்திரி தனியாக நடப்பது நகரத்துத் தெருவில் நடப்பதைவிடப் பயமில்லாதது என்பது அவர் கட்சி. விலங்கு மனிதனைக் கண்டால் விலகிப் போகும். சந்தேகப்பட வேண்டியது மூன்றைத்தான்: தனி யானை, திடீரென்று எதிர்ப்படும் கரடி, காயம்பட்ட விலங்கு. இந்த மூன்றில் முதல் இரண்டுக்கும் துப்பாக்கி எடுக்க நேரமே இருக்காது. மூன்றாவதை உருவாக்குவதே துப்பாக்கிதான்.

1974 ஆகஸ்ட் 30-ம் தேதி பெங்களூருவில் புற்றுநோயால் இறந்தார். வயது 64. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1972-ல், வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. அவர் வாழ்ந்த வாழ்க்கையை இனி யாரும் சட்டப்படி வாழ முடியாது என்று ஆனதை அவர் உயிரோடு இருந்து பார்த்தார்.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது?

துப்பாக்கி வைத்திருக்க 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். உயிருக்கு ஆபத்து, பயிர்ப் பாதுகாப்பு போன்ற காரணங்களைக் காட்டி விண்ணப்பிக்கலாம். கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரிகள் கையில். பக்கத்தில் குடகு மாவட்டத்தில் மட்டும் கதை வேறு. குடவர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் பிரிட்டிஷ் காலத்திலிருந்தே லைசென்ஸ் விலக்கு உண்டு. 2019-ல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது.

சரி, லைசென்ஸ் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு ட்ரெக்கிங் போகலாமா? இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். துப்பாக்கி லைசென்ஸ் என்பது காட்டுக்கான அனுமதி அல்ல. 1972 சட்டத்தின் 31-வது பிரிவுப்படி தலைமை வன உயிரினக் காப்பாளர் அல்லது அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரின் எழுத்துப்பூர்வ முன் அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் எந்த ஆயுதத்தோடும் நுழையக் கூடாது. தேசியப் பூங்காவுக்கும் இதேதான். சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் வசிப்பவர் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தால் அதை வனத்துறையிடமும் பதிவு செய்ய வேண்டும். அந்த எல்லைக்குள் புதிய லைசென்ஸ் கொடுக்கவும் தலைமை வன உயிரினக் காப்பாளரின் சம்மதம் தேவை.

யானை துரத்துகிறது, உயிரைக் காத்துக்கொள்ளச் சுட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். தற்காப்புக்காக, நல்லெண்ணத்தில் ஒரு விலங்கைக் கொன்றாலோ காயப்படுத்தினாலோ குற்றமில்லை என்று 11-வது பிரிவு சொல்கிறது. உடனே நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம், அதே பிரிவில் ஒரு கொக்கி இருக்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் இந்தச் சட்டத்தை மீறி எதையாவது செய்துகொண்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடையாது. அனுமதியில்லாமல் துப்பாக்கியோடு சரணாலயத்துக்குள் போனதே மீறல்தான். ஆக, பாதுகாப்புக்காக எடுத்துப்போன துப்பாக்கியே, தற்காப்பு என்ற வாதத்தைப் பறித்துவிடும்.

ஆட்கொல்லி என்று தெரிந்தாலும் இப்போது யாரும் ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு கிளம்ப முடியாது. தலைமை வன உயிரினக் காப்பாளர் காரணங்களை எழுதி ஆணையிட வேண்டும். அதிலும் பிடிக்கவோ மயக்கவோ முடியாது என்ற நிலை வந்தால்தான் கொல்லும் பேச்சு. 2021-ல் மசினகுடியில் ஆட்களைக் கொன்ற டி23 புலி நினைவிருக்கும். உடனே கொல்ல வேண்டாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. சுமார் மூன்று வாரம் தேடி, அக்டோபர் 15-ம் தேதி மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்தார்கள். ஆண்டர்சன் காலத்தில் இதே புலிக்கு ஒரு மரத்தின் மேல் பரணும் ஒரு தோட்டாவும்தான்.

அமெரிக்காவில் மட்டும் விடுகிறார்களே என்று கேட்கலாம். உண்மைதான். அந்தந்த மாநிலச் சட்டம் அனுமதித்தால் தேசியப் பூங்காவுக்குள் துப்பாக்கி எடுத்துச் செல்லலாம் என்று 2010 பிப்ரவரி முதல் அங்கே விதி மாறியது. எடுத்துச் செல்லலாம், அவ்வளவுதான். சுடலாம் என்று அர்த்தமில்லை. கரடிகள் உள்ள இடங்களில் அங்கேயும் பூங்கா நிர்வாகங்கள் முதலில் சிபாரிசு செய்வது மிளகாய்க் காரம் கொண்ட கரடி ஸ்பிரேயைத்தான்.

ஆண்டர்சன் நடந்த காடுகளில் பெரும்பகுதி இன்று சரணாலயம். 504 சதுர கிலோமீட்டரில் காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014-லும், 686 சதுர கிலோமீட்டரில் காவேரி தெற்கு 2022-லும் அறிவிக்கப்பட்டன. அவர் மகன் டொனால்டும் வேட்டைக்காரராக வாழ்ந்தவர்தான். அவர் பெங்களூருவில் இறந்ததும் அதே 2014-ல்.

இந்தக் காடுகளைப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு இப்போது நேர்வழி உண்டு. தமிழ்நாடு அரசு 2024-ல் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பாதைகளும் இருக்கின்றன, சாமி ஏரி, குத்திராயன் சிகரம் என்று. ஆன்லைனில் பதிவு செய்துகொண்டு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியுடன் போகலாம். அந்த வழிகாட்டிகளில் பலர் மலைக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள். ரங்காவும் பைராவும் இன்று இருந்திருந்தால் அவர்களுக்கும் ஒரு அடையாள அட்டை கிடைத்திருக்கும்.